கணுக்காலில் இரத்த அழுத்தம் அளந்த வரலாறு

இரத்த அழுத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மேற்கையில் சுற்றும் காற்றுப் பட்டையும் அதை ஊதும் ரப்பர்க் குமிழுமே எவர் மனக்கண்ணிலும் தோன்றும். அதே பட்டையைக் கணுக்காலில் சுற்றி அழுத்தம் அளப்பதும் உண்டு என்றால் பலர் நம்பத் தயங்குவர். ஆயினும் கணுக்காலில் கிடைக்கும் அந்த எண், காலைப் பற்றி மட்டுமன்றி இதயத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் ஒரு சேதி கூறுகிறது. அச்சேதியைப் படித்தறிய வைத்திய உலகம் எடுத்துக்கொண்ட காலம் சிறிதன்று. நொண்டிய குதிரை ஒன்று, போர்முனை மருத்துவமனை ஒன்று, விண்மீன்களின் நிறத்தை ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர், ஸ்காட்லாந்து நகரம் ஒன்றின் மக்கள் எனப் பல வாயில்கள் வழியே சுற்றி வந்த வரலாறு அது.

நாடி பார்க்கக் கையை நீட்டுவதே வழக்கம். எனினும் கையொன்றே நாடிக்குரிய இடம் என்று நம் முன்னோர் கருதியதில்லை. சித்த மருத்துவ நூல்கள் நாடி பார்க்கத்தக்க இடங்களைப் பத்து என வகுத்து, அவற்றுள் குதிச்சந்தையும் ஒன்றாக வைத்துள்ளன. இதைக் கொண்டு, கணுக்கால் அழுத்தத்தை நம்மவர் என்றோ கண்டுபிடித்துவிட்டனர் என்று மார்தட்டுவது பொருந்தாது. நாடியின் நடையை விரலால் உணர்வது வேறு. அழுத்தத்தை அளந்து எண்ணாகச் சொல்வது வேறு. அவ்விடத்தில் விரல் வைத்தால் இரத்தத்தின் துடிப்புப் புலப்படும் என்ற அறிவு பழமையானது என்ற அளவில் நிற்பதே முறையாகும்.

எண்ணாகச் சொன்ன முதல் மனிதர் வைத்தியர் அல்லர், ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் சமயப் பணி புரிந்த ஸ்டீபன் ஹேல்ஸ், செடிகளில் நீர் ஏறும் விதத்தை ஆராய்ந்தவர். அந்த ஆர்வமே உயிர்களின் உடலில் இரத்தம் எவ்வளவு விசையுடன் ஓடுகிறது என்ற கேள்விக்கு அவரை இட்டுச் சென்றது. வேலைக்கு உதவாதென்று தள்ளப்பட்ட பெண் குதிரை ஒன்றை மல்லாக்கக் கட்டி, அதன் இடது தொடைத் தமனியைத் திறந்து, பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதன்மேல் ஒன்பது அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்தார். இரத்தம் குழாயில் குதித்தேறி, இதயத்தின் மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் உயரத்தில் நின்றது. 1733இல் வெளியான தமது நூலில் இதனை அவர் விவரித்துள்ளார். சோதனை கொடியதுதான். அவருக்கு அண்டை ஊரில் வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப், உயிர்களை இவ்வாறு அறுத்துப் பார்ப்பதைக் கண்டு வருந்தியவர்களுள் ஒருவர்.

இச்சோதனையில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. உயிருள்ள உடலில் இரத்த அழுத்தம் முதன்முதலில் அளக்கப்பட்ட இடம் காலே ஆகும். ஆனால் ஒன்பது அடிக் குழாயை நோயாளியின் படுக்கையருகே நிறுத்துவது நடவாத காரியம். பிரான்சு நாட்டின் புவாசேய் 1828இல் பாதரசத்தைப் பயன்படுத்தி அந்தத் தொல்லையைத் தீர்த்தார். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே ஹேல்ஸின் குதிரை ஏற்றிய 8 அடி 3 அங்குல இரத்தம், பாதரசக் கணக்கில் எட்டு அங்குலத்திற்கும் குறைவே. இன்றைய முறையில் சொல்வதானால் ஏறத்தாழ 195 மி.மீ. இன்றும் இரத்த அழுத்தத்தை ‘மி.மீ. பாதரசம்’ என்று குறிப்பது அன்று தொடங்கிய வழக்கமே.

நொண்டிய குதிரை

காலின் தமனி நோயை முதலில் தெளிவாக உணர்ந்து சொன்னவரும் மனித வைத்தியர் அல்லர் என்பது இவ்வரலாற்றின் மற்றொரு விந்தை. 1831இல் பாரிஸ் நகரின் மிருக வைத்தியர் பூலே என்பவர், வண்டி இழுக்கும் பெண் குதிரை ஒன்றைப் பற்றி எழுதினார். அது லாயத்திலிருந்து புறப்படும்போது எந்தக் குறையும் தெரியாது. சற்று நேரம் ஓடியபின் பின்னங்கால் தளரும், நொண்டும், மேலும் விரட்டினால் விழுந்துவிடும். நிறுத்தி ஓய்வு கொடுத்தால் சில நிமிடங்களில் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து நிற்கும். வண்டிக்காரன் அதைச் சோம்பல் குதிரை என்று எண்ணியிருந்தால் அவனைக் குறை கூற இயலாது. பின்னர் அதன் உடலை அறுத்துப் பார்த்தபோது தொடைத் தமனிகள் அடைபட்டிருந்தன.

இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 1858இல், பிற்காலத்தில் நரம்பு நோய் ஆராய்ச்சியால் பெரும்புகழ் எய்திய ஷார்கோ, மனிதரிடமும் இதே நோய் இருப்பதைக் கண்டு கூறினார். குதிரை வைத்தியர்களின் குறிப்பைப் படித்திருந்ததால்தான் அவருக்கு அது புரிந்தது. விட்டுவிட்டு வரும் நொண்டல் என்னும் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரே இன்றும் இந்நோய்க்குறிக்கு உலகெங்கும் வழங்குகிறது. நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும், நின்றால் தீரும், மீண்டும் அதே தூரம் நடந்தால் மீண்டும் வலிக்கும். உட்கார்ந்திருக்கும் தசைக்குச் சிறிதளவு இரத்தம் போதும். நடக்கும் தசைக்குப் பன்மடங்கு வேண்டும். குழாய் குறுகியிருந்தால் அந்த மிகுதியை அது தர இயலாது. வலி என்பது தசையின் பசிக்குரலே.

முதுமை என்றும் வாதம் என்றும் கூறி இவ்வலியைத் தள்ளிவிடுவது எளிது. இன்றும் அவ்வாறு தள்ளப்படுவோர் உளர். வலி நரம்பிலிருந்து வருகிறதா, மூட்டிலிருந்து வருகிறதா, தமனியிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய ஓர் அளவு தேவைப்பட்டது.

கை வென்றது

அளவுகோல் வந்தது, ஆனால் அது கைக்கு வந்தது. 1896இல் இத்தாலியின் டூரின் நகரில் ரிவா-ரோச்சி என்னும் வைத்தியர், மேற்கையைச் சுற்றும் ரப்பர்ப் பட்டையொன்றை அமைத்தார். பட்டையில் காற்றை ஏற்றினால் தமனி நசுங்கும். மணிக்கட்டில் நாடி மறையும். அந்த நேரத்தில் பாதரசம் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவே இரத்தத்தின் மேல் அழுத்தம். தமனியைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு துளி இரத்தமும் சிந்த வேண்டியதில்லை. சைக்கிளின் உட்குழாயைக் கொண்டு அவர் இதைச் செய்தார் என்பர். மலாக்காவில் டான் சே யான் ரப்பரைத் தோட்டப் பயிராக வளர்க்க முனைந்ததும் அந்த ஆண்டுகளில்தான். ரிவா-ரோச்சி கையாண்ட ரப்பர் மலாயாவில் விளைந்ததாக இருக்க வழியில்லை. ஆனால் அவருடைய கருவி உலகெங்கும் பரவிய காலத்தில் மலாயாவின் ரப்பரும் உடன் பரவிற்று. அமெரிக்க அறுவை வைத்தியர் ஹார்வி குஷிங் 1901இல் இத்தாலிக்குச் சென்றபோது இக்கருவியைப் பார்த்து, அதைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார்.

இதற்கு அடுத்த படியைக் கடந்தவர் இரஷ்ய நாட்டின் நிக்கோலாய் கொரோட்கோவ். அவருடைய கதை சற்று நின்று கேட்கத் தக்கது. 1904–05இல் இரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த போரில் அவர் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் காயமுற்ற போர்வீரர்களுக்கு அறுவை வைத்தியம் செய்தார். குண்டு பாய்ந்த தமனி பலூன்போல் வீங்கிவிடும். அதைக் கட்டிவிட்டால் உயிர் பிழைக்கும். ஆனால் கை அல்லது கால் பிழைக்குமா? கிளைக்குழாய்கள் வழியே போதிய இரத்தம் சென்றால் உறுப்பு வாழும், செல்லாவிடின் அழுகும். கத்தியை எடுக்கும் முன்பே இதை அறிய வேண்டும் என்று அவர் தவித்தார். அழுத்தப்பட்ட தமனியின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அந்தத் தவிப்பில் பிறந்தது. பட்டையைத் தளர்த்தும்போது தமனியில் ஒலி தோன்றும் கணத்தை மேல் அழுத்தமாகவும், ஒலி மறையும் கணத்தைக் கீழ் அழுத்தமாகவும் கொள்ளலாம் என்று 1905 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இராணுவ மருத்துவக் கழகத்தில் அவர் அறிவித்தார். அந்த அறிக்கை அச்சில் ஒரு பக்கம்கூட நிரம்பாது. உலகெங்கும் மருத்துவமனைகளில் ஒலித்த முறை அந்த ஒரு பக்கத்திலிருந்து வந்ததே. அதைத் தந்தவர் 1920இல் காசநோயால் இறந்தார்.

கை கால்களைக் காப்பாற்றும் கவலையில் பிறந்த முறை, விரைவில் கையோடு நின்றுவிட்டது. காரணம் எளியது. முழங்கை மடிப்பில் தமனி தோலுக்கு அருகில் ஓடுகிறது. ஒலி நன்கு கேட்கிறது. கணுக்காலில் தமனிகள் சிறியவை. ஒலி தெளிவாகக் கேட்பதில்லை. நோயுற்ற காலிலோ துடிப்பே விரலுக்கு எட்டாது. எந்தக் காலில் அளப்பது மிகவும் அவசியமோ அந்தக் காலில்தான் அளக்க இயலாத நிலை. இங்கிலாந்தின் லெனார்டு ஹில் போன்றோர் காலிலும் அளந்து பார்த்ததுண்டு. அவர்கள் கவனித்தது இதய வால்வின் கோளாறு. பிரான்சில் பாச்சோன் 1909இல் அமைத்த அலைமானி, துடிப்பின் அசைவை முள்ளின் ஆட்டமாகக் காட்டியது. அதைக் கொண்டு ஐரோப்பிய வைத்தியர் சிலர் கால்களைச் சோதித்தனர். 1929இல் லிஸ்பன் நகரின் டோஸ் சாண்டோஸ், முதுகின் வழியே நீண்ட ஊசியைச் செலுத்திப் பெருந்தமனியில் மருந்தேற்றிப் படம் பிடித்துக் காட்டினார். அரிய சாதனைதான், ஆயினும் கால்வலி என்று வரும் ஒவ்வொருவரின் முதுகிலும் ஊசி குத்த முடியுமா?

1950இல் அமெரிக்காவின் டிராவிஸ் வின்சர் ஒரு கட்டுரை வெளியிட்டார். காலின் பருமன் துடிப்புக்குத் துடிப்பு நுண்ணளவில் மாறுவதைப் பதியும் கருவியைக் கொண்டு, கையிலும் காலின் பல இடங்களிலும் மேல் அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டார். தமனி நோயுள்ள காலில் கணுக்கால் அழுத்தம் கையின் அழுத்தத்தைவிடத் தாழ்ந்திருந்தது. கையையும் கணுக்காலையும் ஒப்பிடும் இன்றைய முறைக்கு அதுவே அடிப்படை. கருவி சிக்கலானது, ஆகவே முறை பரவவில்லை.

விண்மீனிலிருந்து கணுக்காலுக்கு

தடையை நீக்கியது ஒலி. அதன் வேர் 1842இல் இருக்கிறது. ஆஸ்திரியப் பேரரசின் பிராக் நகரில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் டாப்ளர், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி ஒரு கருத்துரைத்தார். அலையை எழுப்பும் பொருள் நெருங்கி வந்தால் அலை நெருங்கும். விலகிச் சென்றால் அலை விரியும் என்பது அவர் கொள்கை. விண்மீன்களின் நிறத்திற்கு அவர் கூறிய விளக்கம் தவறு, கொள்கை சரியானது. 1845இல் டச்சு விஞ்ஞானி பாய்ஸ் பலோட், எக்காளம் ஊதுவோரை ரயிலில் ஏற்றி ஓடவிட்டு, நிலத்தில் நின்ற இசைவாணர்களைச் சுருதி மாறுவதைக் கேட்டுச் சொல்லச் செய்து அதை மெய்ப்பித்தார். ரயில் கூவிக்கொண்டு நிலையத்தைக் கடக்கும்போது ஒலி தாழ்வதை நாம் கேட்பதும் இதே காரணத்தால்தான்.

ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் சாட்டோமுரா என்னும் விஞ்ஞானி 1950களின் பிற்பகுதியில் இக்கொள்கையை உடலுக்குள் செலுத்தினார். மனிதச் செவிக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலியைத் தோலின் வழியே அனுப்பினால், ஓடும் இரத்தத்தின்மேல் அது பட்டுத் திரும்பும். இரத்தம் ஓடுவதால் அதன் சுருதி சற்று மாறும். அந்த மாற்றத்தைக் கேட்கத்தக்க ஒலியாக்கினால் இரத்தம் ஓடும் ‘உஷ், உஷ்’ என்ற ஓசை ஒலிபெருக்கியில் கேட்கும். சாட்டோமுரா 1960இல், நாற்பது வயதளவில், காலமானார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிராங்க்ளின், ரஷ்மர் ஆகியோர் 1961இல் ஒலியால் இரத்த ஓட்டத்தை அறியும் கருவியை வெளியிட்டனர். அதே நகரின் அறுவை வைத்தியர் ஸ்ட்ராண்ட்னெஸ் அத்தகைய கருவியைத் தமனி நோயாளரின் கால்களில் வைத்துக் கேட்கத் தொடங்கினார். விரலுக்கு எட்டாத துடிப்பு இப்போது காதுக்கு எட்டிற்று.

அதன்பின் முறை மிக எளிதாயிற்று. நோயாளி சில நிமிடம் மல்லாந்து படுத்து ஓய்வு கொள்ள வேண்டும். நிற்கும்போது அளந்தால் இதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள இரத்தத்தின் எடையும் சேர்ந்து சுமார் 90 மி.மீ. கூடிவிடும், படுத்தால் அக்குழப்பம் இல்லை. இரு கைகளிலும் மேல் அழுத்தம் அளக்கப்படுகிறது. பின்னர்க் கணுக்காலுக்கு மேலே பட்டையைச் சுற்றி, பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் உள்ள தமனிகளின்மேல் ஒலிக்கருவியை வைத்து, ஓசை மறையும் வரை காற்றை ஏற்றி, மெல்லத் தளர்த்தி, ஓசை மீண்டும் தோன்றும் அளவைக் குறிக்கின்றனர். ரிவா-ரோச்சி 1896இல் செய்தது இதுவே. விரலுக்குப் பதில் ஒலி. கணுக்காலில் கிடைத்த எண்களுள் பெரியதைக் கையில் கிடைத்த எண்களுள் பெரியதால் வகுக்க வேண்டும்.

நான்காம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70. நலமுள்ள உடலில் விடை ஒன்றுக்குச் சற்று மேலே நிற்கும். நாடியலை இதயத்திலிருந்து தொலைவு செல்லச் செல்லக் கடினமான சிறு குழாய்களில் பட்டு எதிரலையாகி மேல் அழுத்தத்தைக் கூட்டுவதால், படுத்திருக்கும் நலமான மனிதரின் கணுக்கால் அழுத்தம் கையைவிடப் பத்துப் பதினைந்து மி.மீ. மிகுதி. விடை 0.90 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், வழியில் எங்கோ தமனி குறுகியிருக்கிறது எனக் கொள்ளலாம். வெறும் கணுக்கால் அழுத்தத்தைக் கொள்ளாமல் கையால் வகுப்பதற்குக் காரணம், அவரவர் இரத்த அழுத்தம் வேறுபடுவதே. கையில் 180 உள்ளவருக்கும் 110 உள்ளவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாதன்றோ?

லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஜேம்ஸ் யாவ் 1969–70இல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்விகிதத்துக்கு உறுதியான இடம் தேடித்தந்தன. நலமுள்ளோரிடம் சராசரி 1.11, நடந்தால் கால் வலிப்போரிடம் 0.59, படுத்திருக்கும்போதும் பாதம் வலிப்போரிடம் 0.26, அழுகும் நிலையிலுள்ள பாதங்களில் 0.05. நோய் முற்ற முற்ற எண் படிப்படியாக இறங்குவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

சிலருக்கு ஓய்வில் விகிதம் சரியாக இருந்தும் நடந்தால் வலிக்கும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்கு இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். துருப்பிடித்துக் குறுகிய நீண்ட குழாயின் கடைசியில் உள்ள வீட்டில், மற்றக் குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும் நேரம் நீர் விசையாகவே வரும். காலையில் எல்லாரும் ஒருசேரத் திறந்தால் கடைசி வீட்டில் நீர் சொட்டும். நடக்கும்போது கால் தசைகளின் சிறு குழாய்கள் எல்லாம் திறந்துகொள்கின்றன. குறுகிய இடத்தில் ஓட்டம் விரைகிறது. விசை அங்கேயே செலவாகிறது. கணுக்கால் அழுத்தம் வீழ்கிறது. ஆகவே சந்தேகமுள்ளவரைச் சற்று நடக்கவிட்டு உடனே மீண்டும் அளப்பது வழக்கமாயிற்று.

காலின் எண், இதயத்தின் சேதி

இதுவரை கால் காலாகவே பார்க்கப்பட்டது. அறுவை வைத்தியர்க்குக் காலைக் காப்பாற்றுவதே கவலை. விகிதமும் அதற்கான கருவியே. ஆனால் தமனிச் சுவரில் கொழுப்புப் படியும் நோய் கால் என்றும் மார்பு என்றும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். இதயத்தின் தமனிகள் மார்புக்குள் மறைந்திருப்பவை. கழுத்தின் உட்புறத்தவை மூளைக்குள் செல்பவை. காலின் தமனியோ வெளியிலிருந்து தொட்டு அளக்கத்தக்கது.

அமெரிக்காவின் பிராமிங்காம் ஊரில் 1948 முதல் மக்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு, நடந்தால் கால் வலிப்போரிடம் இதய நோயும் பக்கவாதமும் மிகுதி என 1970இல் கூறியது. எனினும் அது வலியைக் கேட்டறிந்த கணக்கு. லண்டனின் ஜெப்ரி ரோஸ் 1962இல் வகுத்த கேள்வித்தாளைக் கொண்டு பல நாடுகளில் இவ்வாறே கணக்கெடுத்தனர். கேட்டால் வலி இல்லை என்பவரின் தமனி எப்படியிருக்கிறது என்று எவரும் அறியார்.

எடின்பரோ நகரில் 1988இல் தொடங்கிய ஆய்வு அதைப் பார்த்தது. 55 முதல் 74 வயது வரையுள்ள 1,592 ஆண் பெண்களுக்குக் கேள்வியும் கேட்கப்பட்டது, கணுக்காலும் அளக்கப்பட்டது. நொண்டல் வலி இருப்பதாகக் கூறியோர் நூற்றுக்கு 4.5. எந்த வலியும் கூறாமல் பெரிய தமனி நோயைச் சுமந்து நடந்தோர் நூற்றுக்கு 8. வலியை மட்டும் நம்பியிருந்த கணக்குகளில் பாதிக்கு மேல் விடுபட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

1992இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலிருந்து மைக்கேல் கிரிக்கி குழுவினர் வெளியிட்ட முடிவுதான் பலரை விழிக்கச் செய்தது. சராசரி 66 வயதுடைய 565 பேரைக் கணுக்கால் அழுத்தம் முதலிய முறைகளால் சோதித்து, பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கால்களின் பெருந்தமனிகளில் நோயிருந்த 34 ஆண்களுள் 21 பேர் அப்பத்தாண்டுக்குள் இறந்தனர். நோயில்லாத 183 ஆண்களுள் இறந்தவர் 31. இதய, இரத்தக் குழாய் நோய்களால் மரணம் நேரும் ஆபத்து, கால் தமனி நோயுள்ளோர்க்கு மற்றவரைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. வலி இல்லாதவர்களுக்கும் ஆபத்து இருந்தது. காலுக்காக அளந்த எண், உயிரைப் பற்றிப் பேசிற்று.

2001இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு வைத்தியர்களைச் சங்கடப்படுத்தியது. எழுபது வயதைக் கடந்தோரும், ஐம்பதைக் கடந்து புகைப்பழக்கமோ நீரிழிவோ உள்ளோருமாக 6,979 பேரைச் சாதாரண கிளினிக்குகளில் சோதித்தபோது நூற்றுக்கு 29 பேரிடம் கால் தமனி நோய் இருந்தது. அவர்களுள் பாடநூலில் எழுதியபடி நொண்டல் வலி உடையவர் ஏறக்குறைய நூற்றுக்கு 11 மட்டுமே. நோய் முன்பே கண்டறியப்பட்டிருந்தவர்களிலும், அது தமக்குண்டு என்று அறிந்திருந்த நோயாளர் நூற்றுக்கு 83. அதை அறிந்திருந்த வைத்தியர் நூற்றுக்கு 49. நோயாளி அறிந்ததை வைத்தியர் அறியவில்லை!

2008இல் எடின்பரோவின் பௌக்ஸ் தலைமையில், பல நாடுகளின் 16 ஆய்வுகளிலிருந்து 48,000க்கு மேற்பட்டோரின் கணக்கு ஒன்றுசேர்க்கப்பட்டது. வயது, புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு வகுத்த எந்த ஆபத்துப் பிரிவில் ஒருவர் இருந்தாலும், கணுக்கால் விகிதம் 0.90க்கு மேற்படாவிடின், பத்தாண்டுக்குள் மரணமோ மாரடைப்போ நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

எண் தாழ்ந்தால் தீமை எனில் உயர்ந்தால் நன்மையா? அதுவும் அன்று. அமெரிக்கப் பழங்குடி மக்களை ஆராய்ந்து 2004இல் வெளியான முடிவு, விகிதம் 1.40க்கு மேல் போனவர்களும் மிகுதியாக இறந்ததைக் காட்டிற்று. நீண்டநாள் நீரிழிவாலும் சிறுநீரக நோயாலும் தமனியின் நடுச்சுவரில் சுண்ணம் படிந்து குழாய் விறைத்துவிடும். பட்டை எவ்வளவு இறுகினாலும் அது நசுங்காது, ஓசை நிற்காது, பொய்யான உயர்ந்த எண் கிடைக்கும். உள்ளே அடைப்பிருந்தாலும் விகிதம் நலமுள்ளதுபோல் தோன்றக்கூடும். நீரிழிவாளரிடம் இது பெரிய ஏமாற்று. கால் பெருவிரலின் சிறு தமனிகளில் சுண்ணம் படிவது குறைவாதலால், அத்தகையோர்க்குச் சிறிய பட்டையால் பெருவிரலின் அழுத்தத்தை அளக்கின்றனர். 2019இல் மலேசியாவில் எடுத்த நலக் கணக்கின்படி வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் மிகுதி. பாதப் புண்ணோடு வரும் நீரிழிவாளரின் கணுக்கால் எண் நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடுவது போதாது என்பதை இங்குள்ள குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வளவு அறிந்தபின், ஊரார் அனைவரின் கணுக்காலையும் அளந்து, எண் தாழ்ந்தவர்க்கு மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஸ்காட்லாந்தில் அவ்வாறே செய்து பார்த்தனர். இதய நோய் இல்லாத 28,980 பேரைச் சோதித்து, விகிதம் 0.95 அல்லது அதற்குக் கீழிருந்த 3,350 பேருள் பாதிப் பேருக்கு நாள்தோறும் 100 மி.கி. ஆஸ்பிரினும் பாதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரையும் கொடுத்தனர். எட்டாண்டுகள் கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய ஒரே அளவு. பெரிய இரத்தப்போக்கு நேர்ந்தவர் ஆஸ்பிரின் உண்டோரில் 34 பேர். மற்றவரில் 20 பேர். 2010இல் இம்முடிவு வெளியானபோது, ஆபத்தை அறிவதும் ஆபத்தை அகற்றுவதும் ஒன்றே என்று எண்ணியிருந்தவர்களின் உற்சாகம் அடங்கிற்று.

டென்மார்க்கில் வந்த விடை வேறு. 65 முதல் 74 வயதுள்ள 50,156 ஆண்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், கால் தமனி நோய், மிகை இரத்த அழுத்தம் ஆகிய மூன்றுக்கும் சோதனைக்கு அழைத்தனர். கால் தமனி நோய் தெரிந்தவர்க்குப் புகையை நிறுத்தவும் நடக்கவும் அறிவுரை கூறி, ஆஸ்பிரினோடு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்தும் தரப்பட்டது. நாலரை ஆண்டளவில், அழைக்கப்பட்டோரிடம் மரணம் நூற்றுக்கு 7 பங்கு குறைந்தது. அஃதாவது 169 பேரை அழைத்தால் ஓருயிர் மிஞ்சும் என்ற கணக்கு. 2017இல் இதை வெளியிட்டவர்களாலும், மூன்று சோதனைகளுள் எதனால் எவ்வளவு பயன் என்று பிரித்துக் கூற இயலவில்லை. மறு ஆண்டு, 2018இல், அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, நோய்க்குறி எதுவும் இல்லாதவர்க்குக் கணுக்கால் அழுத்தம் அளப்பதால் வரும் நன்மை தீமைகளைத் தீர்மானிக்கச் சான்று போதாது என்று அறிவித்தது. நடந்தால் கெண்டைக்கால் வலிப்பவர், பாதப் புண் ஆறாதவர் ஆகியோரைப் பற்றி அத்தகைய ஐயம் எழவில்லை. அவர்களுக்குச் செய்ய வேண்டிய முதற்சோதனை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் இந்த வகுத்தல் கணக்கே ஆகும்.